வளர்ந்தோர் கல்வியும் உள்ளூராட்சி மன்றங்களும்

கல்வி பிள்ளைப் பருவத்தோடு முடிவுறுவதொன்றன்று. தொழில்கள் மாறுங்காலத்து உழைக்கும் வயதினரும் மீண்டுங் கற்க வேண்டியவராகின்றனர். பிள்ளைகளுக்கு இன்னது கற்பிக்க வேண்டுமெனப் பெரியோர் வகுத்துவிடலாம். நாள் முழுதும் உழைத்துக் களைத்தபின் வகுப்பை நாடும் வளர்ந்தோர் திறத்து அஃது இயலாது. தமக்குப் பயன்படாதெனக் கண்டால் அவர் வாராதொழிவர். ஆதலின், பொதுப்பணத்தைக் கொண்டு அவர்க்குக் கல்வியளிக்க முற்படும் மன்றம் கற்போரை முதற்கண் உசாவுதல் இன்றியமையாதது. இவ்வுண்மையை இங்கிலாந்தின் வரலாறு நன்கு விளக்கும்.

1889ஆம் ஆண்டுச் சட்டம், தொழில்நுட்பக் கல்வியின் பொருட்டுப் பவுணுக்கு ஒரு பென்னி வரை வரி விதிக்க அந்நாட்டு மன்றங்களுக்கு அதிகாரமளித்தது. அடுத்த ஆண்டில், மதுவின்மேல் விதித்த மேலதிக வரிப்பணமும் இக்கல்விக்குப் பயன்பட வழி பிறந்தது. மதுக்கடைக்காரருக்கு நட்டஈடாக வழங்கக் கருதிய அப்பணத்தை மக்கள் ‘விஸ்கிப் பணம்’ என அழைத்தனர்.

பணத்துக்கு இங்ஙனம் வழி பிறந்தது. கற்போர் குரலுக்கோ வழி பிறிதோரிடத்திற் பிறந்தது. கூட்டுறவு இயக்கத்தில் எழுதுவினைஞராயிருந்த அல்பேட் மான்ஸ்பிறிட்ஜ் என்பார் 1903இல் தொழிலாளர் கல்விச் சங்கத்தை நிறுவினார். பின்னர், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தார் எழுவரும் தொழிலாளர் பக்கத்தார் எழுவரும் சமமாய் அமர்ந்த குழுவொன்று வகுப்புகளின் முறையை ஆராய்ந்து 1908இல் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே றொச்டேல், லோங்டன் ஆகிய ஊர்களில் றோனி என்னும் பொருளியலறிஞர் வகுப்பு நடத்தத் தொடங்கினார். ஒரு மணி நேரம் விரிவுரை. மறு மணி நேரம் உரையாடல். மாணவர் முப்பதின்மர்க்கு மேற்படாதிருந்தனர். மூன்றாண்டு தொடர்ந்து கற்றனர். கற்கும் பொருளைத் தெரிவதில் அவர்களுக்கும் உரிமையிருந்தது. உரிமையுடன் பொறுப்பும் வந்தமையாற் களைப்பையும் பொருட்படுத்தாது கட்டுரைகள் எழுதினர்.

கேம்பிறிட்ஜ் கவுண்டி மன்றத்தின் கல்விச் செயலாளர் ஹென்றி மொறிஸ் 1924இல் ‘கிராமக் கல்லூரி’த் திட்டத்தை வகுத்தார். பகலிற் சிறுவர்க்குப் பள்ளியாகும் கட்டடம், மாலையில் ஊரார்க்கு வகுப்பறையும் நூலகமும் மண்டபமுமாகும் என்பதே அதன் கருத்து. முதலாவது கல்லூரி 1930இற் சோஸ்ரனில் திறக்கப்பெற்றது. ஊரின் நடுவே நிற்குங் கல்வி ஊரார் தேவையை எளிதில் அறியும்.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், மேற்கல்வித் திட்டம் வகுக்கும் மன்றங்கள் பல்கலைக்கழகங்களையும் கல்விச் சங்கங்களையும் கலந்தாலோசித்தல் வேண்டுமென விதித்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மேற்கல்விக் கல்லூரிகள் மன்றங்களின் கையினின்றும் நீங்கின. பரீட்சைத் தகுதி, எழுத்தறிவு முதலியவற்றுக்குத் தேசிய நிதிச் சபை பணமளித்தது. ஏனைய வகுப்புகள் மன்றங்கள்பால் விடப்பட்டன. ஆயினும் மனித வாழ்வு இங்ஙனம் பிரிந்து நிற்பதன்று. தையல் கற்க வந்த தாயொருத்தி, அங்கே பெற்ற துணிவினாற் கணக்குங் கற்க முற்படுதல் உண்டு. 2019இல் வளர்ந்தோர் கல்வி நிதியின் பொறுப்பு மான்செஸ்ரர் முதலிய சில பெருநகர்ப் பகுதிகளின் கூட்டு மன்றங்களுக்கு மாற்றப்பட்டமை, முடிவு மீண்டும் மக்களுக்கு அண்மையில் வந்ததைக் காட்டும்.

எனினும் உசாவும் முறையிலேயே ஒரு முட்டுப்பாடுண்டு. கிளவுஸ் மோசர் தலைமையிலமைந்த குழு 1999இல் வெளியிட்ட அறிக்கை, இங்கிலாந்தில் வளர்ந்தோர் ஐவருள் ஒருவர் தொழில்வாரித் தொலைபேசிப் புத்தகத்தின் அகரவரிசையிற் குழாய்வேலை செய்வோருக்குரிய பக்கவெண்ணைக் காணவியலாதவர் எனக் கூறிற்று. அத்தகையோரிடம் அச்சிட்ட வினாத்தாளை அனுப்பிக் கருத்துக் கேட்டல் எங்ஙனம் பயன்தரும்? முன்னரே கற்றவர் விடையெழுதுவர். கல்வி மிக வேண்டியவரோ வாய்திறவாதிருப்பர். மன்றம் அவ்வெழுத்துக்களை எண்ணி, மக்கள் கருத்தை அறிந்துவிட்டதாகக் கொள்ளின் அது மயக்கமேயாம்.

ஆகவே, கேட்போர் மக்கள் கூடுமிடஞ் செல்லல் வேண்டும். தொழிற்சாலை வாயிலிலும், பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் காத்துநிற்கும் பள்ளி முற்றத்திலும் நேரிற் பேசுதல் வேண்டும். என்ன கற்க விருப்பம் என்பதோடு, எந்நேரம் வரவியலும், வீட்டிற் குழந்தையை யார் பார்ப்பர், திரும்பிச்செல்லப் பேருந்துண்டோ என்பனவும் உசாவத்தக்கன. கேட்டவற்றுள் எவை நிறைவேறும், எவை நிறைவேறா என்பதை ஊரார்க்கு உரைத்தலும் மன்றத்தின் கடனாகும். விடை கிடையாத வினாவிற்கு மக்கள் இரண்டாம் முறை விடை பகரார். கற்போர் குரலுக்குச் செவிசாய்க்கும் மன்றமே கல்விக்கு உண்மையான துணையாகும்.