புழு உயிரோடு இருந்தாலும் பழம் தேறும். தாள் தவறினால் தேறாது

2025 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ, அட்லாண்டா விமான நிலையங்களில் 15 இந்திய மாம்பழச் சரக்குகள் நிராகரிக்கப்பட்ட பிறகு வந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பழத்தில் பூச்சியா?

பூச்சி அல்ல, படிவம்.

தாவர சுகாதாரச் சான்றிதழ் என்றால் ‘பூச்சியே இல்லை’ என்ற உத்தரவாதம் என்று பலரும் நம்புகிறார்கள். சர்வதேச மாதிரிச் சான்றிதழின் வாசகம் அவ்வளவு உறுதியானதல்ல. இறக்குமதி செய்யும் நாடு பட்டியலிட்ட பூச்சிகள் இல்லை எனக் ‘கருதப்படுகிறது’ என்பதோடு அது நின்றுவிடுகிறது.

நீண்ட காலத் தடைக்குப் பின் 2007இல் இந்திய மாம்பழத்துக்குக் கதவு திறந்த அமெரிக்கா, அந்தச் சான்றிதழோடு நிற்காமல் கதிர்வீச்சையும் கட்டாயமாக்கியது. பழ ஈயோடு மாங்கொட்டை வண்டும் அதற்குக் காரணம். அந்த வண்டின் புழு கொட்டைக்குள் வளர்கிறது. பழத்தின் மேல்தோலைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. குறைந்தது 400 கிரே அளவு கதிர்வீச்சு பழத்தின் உள்ளே ஊடுருவுகிறது. அது புழுவை உடனே கொல்வதில்லை. வளர்ந்து இனம் பெருக்க முடியாமல் செய்துவிடுகிறது. ஆகவே, சிகிச்சை முடிந்த பழத்தில் புழு நெளிந்தாலும் சிகிச்சை தோற்றதாகப் பொருளில்லை.

அறிவியலாக இது நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் விமான நிலைய அதிகாரி எதை வைத்துத் தீர்மானிப்பார்? கதிர்வீச்சு பட்ட பழத்துக்குத் தனி நிறமோ மணமோ கிடையாது. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை அதிகாரியே இந்தியக் கதிர்வீச்சு நிலையத்தில் இருந்து மேற்பார்வையிடுகிறார். அங்கே தரப்படும் படிவமே பழத்துக்குச் சாட்சி. மே மாதம் அந்தப் படிவம் முறையாக வழங்கப்படவில்லை என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. நவி மும்பையில் சிகிச்சை முறைப்படி முடிந்தது என்றார்கள் ஏற்றுமதியாளர்கள். திருப்பிக் கொண்டுவரும் செலவு கட்டுப்படியாகாததால் பழங்களை அமெரிக்காவிலேயே அழிக்க ஒப்புக்கொண்டார்கள். படிவத்தை நிரப்பாத அவர்கள் முழு நட்டத்தையும் சுமப்பது நியாயமல்ல.

மற்றக் கேள்விகளுக்கு:

கதிர்வீச்சுப் பழத்தைச் சாப்பிடலாமா? சாப்பிடலாம், பழம் கதிரியக்கம் பெறுவதில்லை.

ஐரோப்பாவுக்கு என்ன சிகிச்சை? 48 டிகிரி வெந்நீரில் 60 நிமிடம். 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்துக்கு அங்கே இருந்த தடை அதன் பிறகே விலகியது.

அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளுக்குப் பெட்டியில் நாலு பழம் கொண்டுபோகலாமா? கூடாது. சுங்கத்தில் சொல்லாமல் வைத்திருந்தால் அபராதமும் உண்டு. பழத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.