கோயிலே மேடை, பாசுரமே நாடகம்

ஹெரால்டு ஆர்லன் என்பவர் அமெரிக்க மேடை நாடகங்களுக்குப் புகழ்பெற்ற பாடல்களை இசையமைத்துத் தந்தவர். யூத ஜெப ஆலயத்தில் வழிபாட்டுப் பாடல் பாடியவரின் மகன். தொழுகையும் நாடகப் பாட்டும் ஒரே வீட்டில் வளர்ந்திருக்கின்றன!

இராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே, வழிபாடும் நாடகமும் இணைந்த அப்படி ஒரு மரபு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் அரையர் சேவைதான் அது. கூம்பு வடிவத் தொப்பி, கையில் தாளம். இதை நிகழ்த்தும் அரையர், ஆழ்வார்களின் பாசுரத்தை இசையோடு பாடுவார், அபிநயம் பிடிப்பார், பிறகு உரையும் சொல்வார். நாதமுனிகள் தொடங்கிவைத்ததாக வைணவ மரபு போற்றும் கலை இது. தமிழ்நாட்டில் இன்று ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று ஊர்களில்தான் முக்கியமாக நிலைத்திருக்கிறது.

இதில் முத்துக்குறி என்று ஒரு பகுதி. பெருமாள்மேல் காதல் கொண்டு வாடும் மகள், பதறும் தாய், முத்துகளை இட்டுக் குறி பார்க்கும் கட்டுவிச்சி. மூவருமே ஒரே அரையர்தான்! வேடம் மாற்றுவதில்லை, திரை இல்லை. குரலும் கையும் முகமும் மட்டும். இதைவிடக் கடினமான நடிப்பு வேறு எந்த மேடையில் இருக்கிறது?

மார்கழியில் பகல் பத்து, இராப்பத்து விழா நாள்களில் கோயிலுக்குப் போகிறவர்கள், அரையர் வரும் நேரத்தை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் குழந்தைகளை உட்கார வையுங்கள்.