புதுச் சீட்டுக்கட்டு ஏன் வழுக்குகிறது?

பளபளக்கும் புதுச் சீட்டுக்கட்டைக் கலைத்தால் மொத்தமும் நழுவிச் சிதறும். இல்லையென்றால் நாலைந்து சீட்டுகள் ஒட்டிக்கொண்டே வரும். இரண்டுக்கும் காரணம் அந்த வழவழப்புதான்.

வழவழப்பான இரு பரப்புகள் அழுந்தும்போது இடையிலுள்ள காற்று வெளியேறி, அவை ஒட்டிக்கொள்கின்றன. கை வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் ஒட்டல் இன்னும் கூடும். நல்ல சீட்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மேலெல்லாம் நுண்ணிய குழிகள் தெரியும். அவற்றில் தங்கும் காற்றுதான் சீட்டுகளைப் பிரித்துவைத்து, சீராக நகரவிடுகிறது. அமெரிக்காவின் ‘பைசைக்கிள்’ என்ற பெயரில் வரும் சீட்டுகள் இப்படிப்பட்டவை. எளிமையான, அருமையான யோசனை!

குழியில்லாத சீட்டு என்றால்? மேஜிக் கலைஞர்கள் துத்தநாக ஸ்டியரேட் பொடியைத் துளியளவு தடவுவார்கள். கேரம் பலகையில் பொடி செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. மூச்சில் மட்டும் போகவிடாதீர்கள்.

ஒட்டிய சீட்டுகள் கலையாது. ஆட்டமும் நியாயமாக இராது. கட்டை இரண்டாகப் பிரித்துக் கோத்துக் கலைப்பதை 7 முறை செய்தால்தான் 52 சீட்டுகளும் நன்கு கலையும் என 1992இல் கணிதவியலாளர்கள் பேயரும் டயகோனிஸும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

எண்ணெய்ப் பசை படிந்தால், பிளாஸ்டிக் சீட்டை ஈரத்துணியால் துடைக்கலாம். காகிதச் சீட்டில் தண்ணீர் படக்கூடாது. ஆட உட்காருமுன் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள்.