மேட்டுநிலப் புள்ளொலியும் அதனைப் பதிவுசெய்யும் முறையும்

பறவைப் பெயர்களுட் சில அவற்றின் குரலிலிருந்தே தோன்றியவை என்பதை மாணாக்கர் அறிவர். ‘கா’ எனக் கரைவது காக்கை. ‘கூ’ எனக் குழறுவது கூகை. மொழி கற்பிப்போர்க்கு இஃது உவகை தரும் செய்தியே. ஆயினும் எழுத்தினாற் புள்ளின் குரலை முற்றாகப் பிடித்துவிடலாம் என எண்ணுதல் பொருந்தாது. மனிதரின் பேச்சொலி பிறத்தற்குத் துணையாவன தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கும். பறவையின் குரலுறுப்போ மிடற்றின் மேற்பகுதியில் இல்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குச் செல்லும் கவையிலே அமைந்துள்ளது. அதன் இருபுறமும் தனித்தனியே அதிரக்கூடியன. ஆதலாற் சிறு குருவியொன்று ஒரே வேளையில் இருவேறு ஒலிகளை எழுப்ப வல்லது. நமது நெடுங்கணக்கில் இதற்கு எழுத்தேது?

லெக் என்பார் 1880ஆம் ஆண்டில் நிறைவேற்றிய இலங்கைப் பறவைகளின் வரலாறும், ஹென்றி என்பார் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூலும் பேருழைப்பின் பயன்கள். ஆயினும் அவற்றிற் குரலைப் பற்றிய பகுதிகளை இருவர் உரக்கப் படிப்பாராயின், இருவேறு பறவைகள் கூவுவன போலவே இருக்கும். இக்குறையை நீக்கியது ஒலிப்பதிவுக் கருவி. ஜேர்மனியில் லுட்விக் கொக் என்னும் சிறுவன் 1889ஆம் ஆண்டில் மெழுகு உருளையில் ஒரு பறவையின் பாட்டைப் பதிந்தான். அது கூட்டில் வளர்ந்த பறவை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 1929ஆம் ஆண்டில், பேசும் படத்திற்கென அமைந்த கருவியைக் கொண்டு, தன்னிச்சையாகத் திரியும் பறவைகளின் குரலைப் பதிந்தனர். வண்டியில் ஏற்றிச் சென்ற கருவி இன்று சட்டைப்பையில் அடங்குகின்றது.

இக்கலைக்கு ஏற்ற இடமாக எமக்குத் தோன்றியது ஹோட்டன் சமவெளி. ஒலுவிலிலிருந்து புறப்பட்டு, அம்பாறை, மொனராகலை, வெல்லவாய, பண்டாரவளை வழியாக யாம் அங்கே சென்றோம். காலையில் உப்புக்காற்றுப் பட்ட முகத்தில் மறுநாள் உறைபனிக் குளிர் பட்டது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் பரப்பில், புல்வெளியும் குறுங்காடும் விரவிக் கிடக்கும் மேட்டுநிலம் அது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் ஊறும் தலைநிலமும் அதுவே. 1988ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்டது. ஆங்கிலத் தேசாதிபதி ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பினும், ‘மகா எலிய’ என்னும் பழம்பெயரே எம் செவிக்கு இனிது.

அங்கே மூடுபனி எழுந்தால் பத்தடிக்கப்பால் நிற்கும் மரமும் புலப்படாது. கண் தோற்ற இடத்திற் செவியே வழிகாட்டும். மஞ்சட்செவிக் கொண்டைக்குருவியின் கலகலப்பும், மலைப்புறாவின் ஆந்தை போன்ற ஆழ்ந்த குரலும், ஓடைக்கரையிலே இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியின் ஊசி போன்ற சீழ்க்கையும் நமக்குச் சொல்லுவன பல. இம்மூன்றும் இலங்கையன்றி வேறெங்கும் இல்லாதவை. சீழ்க்கைப் பூங்குருவி வைகறையிலும் அந்தியிலுமே பெரும்பாலும் ஒலிக்கும், காண்டல் அரிது. பாதையோரத்து ‘அரெங்கா’க் குளம் இப்பறவையின் பழைய விலங்கியற் பெயரையே தன் பெயராகக் கொண்டது.

பதிவோர் கையிற் குடை கவிழ்த்தாற் போன்ற கிண்ணம் ஒன்று இருக்கும். அது தன் மேற்படும் ஒலியனைத்தையும் குவியத்தில் உள்ள ஒலிவாங்கியிற் சேர்க்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லையுண்டு. விநாடிக்கு 3,400 முறை அதிரும் கூரிய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழப் பத்துச் சென்ரிமீற்றர். 340 முறை அதிரும் தாழ்ந்த ஒலிக்கு அது ஒரு மீற்றர். அரை மீற்றர் அகலமுடைய கிண்ணம் முன்னதை நன்கு குவிக்கும். பின்னதைக் குவிக்க மாட்டாது. ஆகவே பூங்குருவியின் சீழ்க்கை ஓடையின் இரைச்சலையும் மீறித் தெளிவாகக் கிடைக்க, மலைப்புறாவின் குரல் மங்கிப்போம். அதற்குப் பொறுமையுடன் அருகே செல்லுதலன்றி வேறு வழியில்லை. காற்றைத் தடுக்க ஒலிவாங்கிக்கு மயிருறை இடல் வேண்டும். குளிரில் மின்கலங்கள் விரைந்து வலுவிழப்பதால், அவற்றை உடம்போடு அணைத்துக் கொண்டு செல்லுதல் நன்று.

குரல் அடங்கியதும் பதிவோர் தம் வாயினாலேயே நாள், நேரம், இடம், வானிலை, பறவையின் செயல் என்பவற்றைக் கூறிப் பதிதல் முறை. இவையில்லாத பதிவு ஏடு பெயர்த்தவன் பெயரும் காலமும் அறியாத ஓலைச்சுவடியை ஒக்கும்.

இவ்வுழைப்பின் பயன் யாது என வினவுவோர்க்கு விடை நம் நாட்டிலேயே உண்டு. தீபால் வரகாகொட என்னும் பறவையியலாளர் 1995ஆம் ஆண்டில் கித்துல்கலைக் காட்டில் இன்னதென்று அறியவொண்ணாத இரவுக்குரல் ஒன்றைக் கேட்டார். குறுகி நடுங்கும் ஒற்றைக் கூவல். குரலுக்குரிய பறவையை அவர் கண்டது 2001ஆம் ஆண்டு தை மாதத்திற் சிங்கராசக் காட்டருகே. உலகம் அதுவரை அறியாத சிற்றாந்தை அது. 2004ஆம் ஆண்டில் அறிவியற் பெயர் பெற்றது. அரபு வணிகர் இந்நாட்டிற்கு வழங்கிய ‘ஸரந்தீப்’ என்னும் பெயரால் அதனை அழைப்பதும் பொருத்தமே. அதற்கு முன் இலங்கையிற் புதிதாகக் கண்டறியப்பட்ட பறவை, 1868ஆம் ஆண்டில் அகப்பட்ட அந்தச் சீழ்க்கைப் பூங்குருவிதான்! செவிகொடுத்த ஒருவர் இல்லாதிருப்பின் அவ்வாந்தை இன்னும் எத்தனை காலம் பெயரின்றிக் கூவியிருக்குமோ?

மேட்டுநிலத்து மரங்கள் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இடையிடையே பட்டுப்போகின்றன. வரட்சி, காற்று மாசு, மண்ணின் இயல்பு என ஆராய்ச்சியாளர் காரணம் பல கூறுவர். காடு குறையுமிடத்துக் குரலும் குறையும். முன்பு எத்துணைக் குரல்கள் இருந்தன என்பதற்குப் பதிவின்றேற் சான்று ஏது? 2005ஆம் ஆண்டில் நெதர்லாந்திற் தொடங்கிய ‘செனோ கண்டோ’ என்னும் பொதுத் தொகுப்பு எவர் பதிவையும் ஏற்கின்றது. மலைநாட்டிற் கடமையாற்றும் நம் பழைய மாணவர் இதனைக் கருதுவாராக.

பதிந்த குரலை அவ்விடத்திலேயே மீள ஒலிப்பித்துப் பறவையை வரவழைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இதனை யாம் வெறுக்கின்றோம். தன் எல்லைக்குள் மாற்றான் புகுந்தான் எனக் கருதும் பறவை இரை தேடுதலையும் குஞ்சு பேணுதலையும் விட்டு அலையும். யாம் ஒலிபெருக்கி கொண்டு செல்லவில்லை. அரெங்காக் குளத்தருகே ஓர் அந்தியில் நெடுநேரம் காத்திருந்து பெற்றது பதினொரு விநாடிச் சீழ்க்கை; அதனுள்ளும் மூன்று விநாடி, கீழே சென்ற மோட்டார் வண்டியொன்றின் இரைச்சல்.