பித்தப்பையில் குடியிருக்கும் டைபாய்டு கிருமி

டைபாய்டு காய்ச்சல் நீங்கி உடல் தேறியவரை நோய் முற்றிலும் விட்டகன்றதாகவே கருதுவது வழக்கம். பெரும்பாலோர் விஷயத்தில் இது உண்மையே. ஆயினும் நூற்றுக்கு 2 முதல் 5 பேர் வரை, ஓராண்டு கடந்த பின்னரும் மலத்தின் வழியே இக்கிருமியை வெளியேற்றி வருகின்றனர். இவர்களை நோய்தாங்கிகள் என்பர். இவர்களிற் சிலருக்குப் பித்தப்பை அழன்று வலது விலாவின் கீழ் வலி தோன்றுவதுண்டு. பலர் எவ்விதத் துன்பமும் உணர்வதில்லை.

பித்தநீர் கொழுப்பைக் கரைக்கும் இயல்புடையது. கிருமிகளின் மேலுறையிலும் கொழுப்புப் பொருள் இருப்பதால், பல இனங்கள் அதில் மடிந்துபோகின்றன. சால்மொனெல்லா டைஃபி எனப்படும் டைபாய்டு கிருமியோ அதைத் தாங்கி வாழ வல்லது. பித்தக்கற்கள் இருப்பின் அதற்கு இன்னும் வசதி. கல்லின்மேல் பசைபோன்ற மெல்லிய படலத்தை அமைத்து, அதனுள் கூட்டமாக ஒட்டிக்கொள்கிறது. மருந்து இப்படலத்தில் எளிதில் ஊடுருவுவதில்லை. பித்தக்கற்கள் பெண்களிடம் மிகுதியாதலால், நோய்தாங்கிகளிலும் பெண்களே அதிகம்.

1906-ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கை அடுத்த ஆய்ஸ்டர் பே என்னும் ஊரில் ஒரு வீட்டிலிருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு கண்டது. ஜார்ஜ் சோப்பர் என்னும் சுகாதாரப் பொறியியலர் விசாரித்து, சமையற்காரியான மேரி மாலன் முன்பு வேலை செய்த வீடுகளிலும் இந்நோய் தோன்றியதைக் கண்டார். சூடாகச் சமைத்த உணவில் கிருமி அழிந்துவிடும். பச்சைப் பழம் கலந்த ஐஸ்கிரீமின் மீதே ஐயம் விழுந்தது. மேரி நல்ல உடல்நலத்துடன் இருந்தார். தம்மிடம் நோயுண்டு என்பதை அவர் நம்பவேயில்லை. 1907-இல் ஒரு தீவில் தனித்து வைக்கப்பட்டு, சமையல் வேலையை விட்டுவிடுவதாக வாக்களித்து 1910-இல் விடுதலை பெற்றார். சலவைத் தொழிலில் ஊதியம் குறைவு. மீண்டும் வேறு பெயரில் சமையலுக்குத் திரும்பி, 1915-இல் ஒரு மகப்பேற்று மருத்துவமனையில் 25 பேருக்கு நோய் பரவக் காரணமானார். அதன்பின் 1938-இல் இறக்கும் வரை தீவிலேயே இருந்தார். அவருக்குத் தக்க மாற்றுப் பிழைப்பு அமைந்திருந்தால் இவ்விரண்டாம் கேடு நேர்ந்திராது எனக் கருத இடமுண்டு.

நோய்தாங்கிக்கு ஏற்ற மருந்தை மலப் பரிசோதனையின்படி மருத்துவர் தேர்ந்து, வழக்கமாக 4 வாரம் அளிப்பார். கற்கள் இருப்பின் பித்தப்பையை அகற்றுவதும் உண்டு. அதனாலும் சிலரிடம் கிருமி ஒழிவதில்லை.

பள்ளியிலோ விடுதியிலோ டைபாய்டு தோன்றினால், குடிநீரைச் சோதிப்பதோடு சமையலறையில் பணிபுரிவோரையும் சோதிக்க வேண்டும். சோதிக்கப்படுபவர் குற்றவாளியல்லர், அவ்வாறு நடத்தப்பட்டால் அடுத்தவர் சோதனைக்கு வரமாட்டார். ஒரு மாதிரியில் கிருமி காணாததைக் கொண்டு முடிவு செய்தலும் தகாது. பித்தப்பையிலிருந்து கிருமி விட்டுவிட்டே வெளிவருகிறது. 1907 முதல் 1909 வரை மேரியிடமிருந்து எடுத்த 163 மாதிரிகளில் 43-இல் கிருமி காணப்படவேயில்லை.