விலை சொல்லாத போர்வை

பரிசின் மதிப்பை அதன் விலையைக் கொண்டு அளப்பது கடைவீதியின் வழக்கம் என்றால், கொடுப்பவர் அதற்காகச் செலவிட்ட பொழுதைக் கொண்டு அளப்பது அதனினும் பழைய வீட்டு வழக்கமாகும். வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கித் தைத்துத் தம் உறவினருக்கு அளித்துவந்த ‘காந்தா’ என்னும் போர்வை, பொருட்செலவு ஏறத்தாழ ஏதுமின்றி உழைப்பு மட்டுமே கொடையாக அமைந்த கைவினைக்குத் தெளிவான சான்றாக விளங்குகிறது.

உடுத்தி நைந்த பருத்திப் புடவைகளும் வேட்டிகளுமே காந்தாவின் மூலப்பொருள்கள். பலமுறை துவைத்த துணி குழந்தையின் உடலை உறுத்தாது என்ற அனுபவ அறிவும், பழந்துணி கண்ணேறு படாமல் காக்கும் என்ற நம்பிக்கையும் இத்தேர்வுக்குக் காரணமாயின. பச்சிளங்குழந்தையைப் பழைய நூல்சேலையில் கிடத்துவதும் அதிலேயே தூளி கட்டுவதும் தமிழ்நாட்டிலும் உள்ள வழக்கமே. துணிகளைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் போக நீவி, ஓரங்களில் கனமான பொருள்களை வைத்து, நான்கு பக்கமும் தைத்தபின் நடுவே இரண்டு மூன்று வரிசை பெருந்தையல் இட்டால் அடுக்குகள் நகராமல் நிற்கும். அதன்பின் அதை மடித்து வைத்துவிட்டு, வீட்டுவேலை ஓய்ந்த நேரங்களில் எடுத்துத் தைக்கலாம் என்பதால், ஒரு போர்வை முடிய மாதங்களோ, சில வேளைகளில் ஆண்டுகளோ ஆயின. வண்ண நூல்கூடப் பெரும்பாலும் விலைக்கு வாங்கப்படாமல், புடவைக் கரைகளிலிருந்தே இழை இழையாக உருவப்பட்டது.

காந்தாவின் அடிப்படை ஓட்டுத்தையல். அதாவது, ஊசியைத் துணியின் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி நேராகச் செலுத்தும் மிக எளிய தையல். நடுவில் தாமரை, நான்கு மூலைகளில் மரம் அல்லது கொடி, இடைப்பட்ட வெளியில் யானை, பல்லக்கு, சீப்பு, பாக்குவெட்டி என அமையும் உருவங்களைச் சுற்றி வெள்ளை நூலால் நெருக்கமாக இடப்படும் தையல் வரிசைகள், துணிப்பரப்பில் மெல்லிய அலைகளை எழுப்புகின்றன.

குளிர்காலத்துக்கான தடித்த போர்வை ‘லேப்’ என்றும், சடங்குகளில் விரிக்கப்படுவது ‘சுஜனி’ என்றும், கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைக்கும் சிறு துணி ‘ஆர்ஷிலதா’ என்றும் வழங்கின. தைக்கத் தொடங்கும்போதே அது யாருக்கு, எதற்கு என்பது முடிவாகியிருந்தமையால், அளவும் அலங்காரமும் பெறுபவரைக் கருதியே அமைந்தன.

இக்கொடையின் தொன்மைக்கு, கிருஷ்ணதாச கவிராஜர் இயற்றிய ‘சைதன்ய சரிதாமிருதம்’ சான்றாகக் காட்டப்படுகிறது. துறவு பூண்டு பூரியில் வாழ்ந்த சைதன்யருக்கு அவருடைய தாய் காந்தா ஒன்றைக் கொடுத்தனுப்பிய செய்தி அதில் இடம்பெறுகிறது. கொல்கத்தாவை அடுத்த ஜோகாவிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தில், மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்து, அச்செய்தியையும் நூலெழுத்தில் பொறித்த காந்தா பாதுகாக்கப்படுகிறது. இவ்வாறு பெயர் பொறித்தோர் சிலரே; யாருக்காகத் தைத்தார்களோ அவருக்குத் தெரிந்தால் போதும் என்ற நிலையில், எஞ்சியோருக்குக் கையொப்பம் தேவைப்படவில்லை.

வீட்டுப் பெட்டிகளில் கிடந்த இத்துணிகளைக் கலைப்பொருள்களாக வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் ஆட்சிப்பணி அதிகாரி குருசதய் தத்தும் கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷும் முக்கியமானவர்கள். 1971க்குப் பின் வங்கதேசத்தில் தொண்டு நிறுவனங்களும், மேற்கு வங்கத்தில் கைவினை அமைப்புகளும் காந்தாவைப் பெண்களுக்கான வருவாய்த் தொழிலாக வளர்த்தன. மேற்கு வங்கத்தின் ‘நக்ஷி காந்தா’ புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. புதுப் பட்டில், பிறர் வரைந்த வடிவத்தின்மேல் கூலிக்குத் தைக்கப்படும் இன்றைய காந்தா புடவையை வாங்கப்போவது யார் என்பது தைப்பவருக்குத் தெரியாது. கூலி அவருடைய உரிமை என்பதிலும், அத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் கூலி கொடுத்ததும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

வீட்டுக் காந்தாவின் கணக்கு அவ்வாறு தீர்வதில்லை. பரிசு எதுவாயினும் திருப்பிக் கொடுக்கும் கடமையைத் தன்னோடு கொண்டுவருகிறது என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான தம் ஆய்வில் வாதிட்டார். ஆனால், பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குத் தைக்கும் பாட்டி எவ்விதக் கைம்மாறும் எதிர்பார்க்க இயலாது. அக்குழந்தை வளர்ந்து ஆளாகும்போது அவர் உயிரோடு இருப்பார் என்பதற்கும் உறுதியில்லை. ஆகவே அந்தக் கடன் கொடுத்தவரிடம் திரும்பாமல், பெற்றவர் ஒருநாள் தம் வீட்டுக் குழந்தைக்காக ஊசியைக் கையில் எடுப்பதன் மூலமே அடைபடுகிறது. வங்காளத்தில் இத்தையல் எந்தப் பள்ளியும் இல்லாமல் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்ததை இவ்வகையில் விளங்கிக்கொள்ளலாம்.