பிடித்த மீனைத் திரும்ப விடலாமா? விராலுக்கு ஒரு பதில், கெளுத்திக்கு வேறு பதில்

பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: 'சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் லீவில் வந்தால் தூண்டிலோடு ஏரிக்கரைக்குப் போய்விடுகிறான். முக்கால் கிலோ விராலைப் பிடித்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறான். குழம்புக்கு வந்த மீனை ஏரியில் விடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று என் மாமனார் சத்தம் போடுகிறார். வெளிநாட்டில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறான் மகன். யார் சொல்வது சரி?'

கேள்வி சின்னதுதான். ஆனால் ஆர்.கே. பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி என்று நம் பகுதியில் கூட்டம் போடப் போகும் ஊர்களில் எல்லாம் இப்போது இந்த இளைஞர்களைப் பார்க்கிறேன். கையில் சுருள் வைத்த தூண்டில், பையில் ரப்பர் தவளை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எந்த மீன், எந்த மாதம், எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சில மீனை விடுவது புண்ணியம். சில மீனை விடுவது ஏரிக்கே துரோகம்.

ஏரியில் இருப்பது மூன்று வகை

நம் ஏரி மீன்களைச் சமையல் கண்ணால் பார்த்தால் குழம்பு மீன், வறுவல் மீன் என்று பிரிப்போம். விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அது உதவாது. அந்த மீன் ஏரிக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் நாம் விட்டு வளர்ப்பவை. இவை ஓடும் ஆற்றில், மழை வெள்ளத்தில் முட்டையிடும் மீன்கள். தேங்கி நிற்கும் ஏரித் தண்ணீரில் வயிறு நிறையச் சினை வைத்திருக்கும், ஆனால் பெரும்பாலும் முட்டையிடாது. 1957 ஜூலை 10-ஆம் தேதி ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டு இவற்றை முட்டையிட வைத்துக் காட்டினார். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்று ஏரியில் நீங்கள் பிடிக்கும் கட்லா பொரிப்பகத்துக் குஞ்சாக வந்ததுதான். ஆகவே 'ஐயோ, சினை மீனாச்சே' என்று ஏரிக் கட்லாவை விட்டுவிடுவதில் பலன் ஒன்றுமில்லை. கால் கிலோ குஞ்சு மாட்டினால் விடுங்கள், ஆறு மாதத்தில் எடை ஏறும். அவ்வளவுதான் கணக்கு. அதுவும் உங்கள் மீன் அல்ல, மீன்பாசி குத்தகை எடுத்தவருடைய மீன். குத்தகை விட்ட ஏரியில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூண்டில் போட்டுவிட்டு, 'விட்டுவிட்டேனே' என்று சொன்னால் செல்லாது.

இரண்டாவது, நாட்டு மீன்கள். விரால், குறவை, கெளுத்தி, தேளி, ஆரல், அயிரை, கெண்டை வகைகள். யாரும் குஞ்சு வாங்கி விடுவதில்லை. தானாகப் பெருகினால்தான் உண்டு.

மூன்றாவது, வெளியிலிருந்து வந்தவை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, அதற்குப் பிறகு திருட்டுத்தனமாக வந்த ஆப்பிரிக்கன் கெளுத்தி, கண்ணாடித் தொட்டியில் அழுக்குத் தின்ன வாங்கிப் பெரிதானதும் குளத்தில் கொட்டிவிடும் 'டேங்க் கிளீனர்'.

வாசகியின் மகன் பிடித்தது இரண்டாவது வகை. அதிலும் விரால்.

விரால் தன் குஞ்சைக் காக்கும் மீன்

எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூரில் இதைக் கொர்ரமீனு என்பார்கள். 1960 ஏப்ரல் 1 வரை நாமும் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவர்கள்தானே, இன்றும் நம் கிராமங்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். தெலங்கானா இதைத் தன் மாநில மீனாகவே அறிவித்திருக்கிறது. முள் குறைவு, சதை கெட்டி, உயிரோடு விற்கலாம். அதனால்தான் கட்லாவைவிடப் பல மடங்கு விலை.

உயிரோடு விற்க முடிவதற்குக் காரணம், விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி அறை உண்டு. ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் மணிக்கணக்கில் தாங்கும். கோடையில் ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடந்து மழைக்கு வெளியே வரும். இத்தனை கெட்டி உயிருள்ள மீன் எப்படிக் குறைகிறது?

குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான். மழை பிடித்து ஏரியில் புதுத் தண்ணீர் ஏறியதும் ஜோடி சேர்ந்து, கரையோரக் கோரைக்கும் செடிக்கும் நடுவே இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டை மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரியும். பிறகு செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே திரளாகச் சுற்றும். காற்று வாங்க எல்லாம் சேர்ந்து மேலே வரும்போது தண்ணீர் கொதிப்பது போலத் தெரியும். கீழே தகப்பனும் தாயும் காவல். கிட்டத்தட்ட ஒரு மாதம் இந்தக் காவல் நடக்கும். தவளை வந்தாலும் பாம்பு வந்தாலும் பாய்ந்து கடிக்கும்.

தூண்டில்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குஞ்சுத் திரளின் நடுவே ரப்பர் தவளையைப் போட்டால் போதும். பசியில் அல்ல, ஆத்திரத்தில் வந்து கவ்வும். உலகத்திலேயே சுலபமாகப் பிடிக்கக்கூடிய விரால் அதுதான். அந்த மீன் சட்டிக்குப் போன அன்றைக்கே கெண்டையும் தவளையும் நீர்க்காகமும் அந்தத் திரளைக் காலி செய்துவிடும். பிடித்தது ஒரு மீன், போனது ஒரு தலைமுறை. இன்னும் சிலர் கொசு வலையைப் போட்டுக் குஞ்சுத் திரளையே அள்ளி விற்கிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். விதை நெல்லை வறுத்துத் தின்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அப்படிப்பட்ட விராலைப் படம் எடுத்துக்கொண்டு விட்டால் போதுமா? போதாது. அரை மணி நேரம் அது கரையில் உங்கள் கையில் இருந்தால் அங்கே குஞ்சுக்குக் காவல் இல்லை. குஞ்சுத் திரள் கண்ணில் பட்டால் அங்கே தூண்டிலே போடாதீர்கள் என்று மகனிடம் சொல்லுங்கள். மற்றபடி மாசி, பங்குனியில் ஏரி இறங்கும்போது பிடிக்கும் விராலை மாமனாருக்குக் குழம்பு வைத்துக் கொடுங்கள். அதில் எந்தத் தவறும் இல்லை. ஒரு சாண் நீளம்கூட இல்லாத குட்டி விராலை மட்டும் எந்த மாதமானாலும் விட்டுவிடலாம்.

நம் ஊரில் புரட்டாசியில் பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார்கள். நல்ல மழைக்காலம். ஏரி விராலுக்கு அது கேட்காமலே கிடைத்த சலுகை. நடுவில் வரும் ஐப்பசியில்தான், தீபாவளிக்கு மறுநாள், எல்லாரும் கூடையோடு கலங்கலுக்குப் போய்விடுகிறோம். எதிரேறி வரும் மீன் எல்லாம் சினையோடு வரும் நாட்டு மீன். அன்றைக்கு நாலு பேர் வயிறு உப்பிய கெளுத்தியையும் கெண்டையையும் திரும்ப விட்டால் அந்த ஏரிக்கு அடுத்த வருஷம் தெரியும்.

காவிரியில் நடந்தது

வெளிநாட்டில் மட்டும்தான் மீனைப் பிடித்து விடுகிறார்கள் என்பது சரியல்ல. நம் காவிரியிலேயே நாற்பது வருஷம் நடந்திருக்கிறது. கூன்முதுகு மகசீர் என்று ஒரு மீன். காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1946-இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. ஒரு ஆள் எடை!

வெடி வைத்தும் வலை போட்டும் இந்த மீன் அழிந்துகொண்டு வந்தபோது, 1972-இல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. பிறகு பீமேஸ்வரி, காலிபோர் போன்ற இடங்களில் முகாம்கள் வந்தன. வெளிநாட்டுக்காரர்கள் பணம் கட்டித் தூண்டில் போடுவார்கள். பிடித்த மீனை எடை போட்டு, எழுதி வைத்துக்கொண்டு, விட்டுவிட வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்குக் காவலாளி, வழிகாட்டி வேலை கிடைத்தது. 2012-இல் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது நின்றது.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த 6,000-க்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கைப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். மொத்த மகசீர் எண்ணிக்கை ஏறியிருந்தது. ஆனால் ஏறியது நீலத்துடுப்பு மகசீர் என்ற வேறொரு வகை. மகாராஷ்டிரத்தில் லோனாவாலா பொரிப்பகத்தில் உற்பத்தி செய்து, நல்ல எண்ணத்தில் காவிரியில் கொண்டுவந்து விட்ட மீன். சொந்த ஊர்க்காரனான கூன்முதுகு மகசீர் கிட்டத்தட்டக் காணாமலே போயிருந்தது. 2018-இல்தான் அதற்குச் சரியான அறிவியல் பெயரே உறுதியானது. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கும் மீன்களின் பட்டியலில் இருக்கிறது.

இந்தக் கதையில் என்னை யோசிக்க வைப்பது, பிடித்தவர்கள் எல்லாம் ஒழுங்காகத் திரும்ப விட்டவர்கள். கெடுதல் வந்ததில் பெரிய பங்கு, இன்னொரு கை வேறு மீனைக் கொண்டுவந்து விட்டதில் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் இன்னொரு பார்வை. திரும்ப விடுவதற்காகவே மீன் பிடிக்கக் கூடாது என்று அங்கே 2008-ஆம் வருஷ விலங்கு நலச் சட்டம் சொல்கிறது. தின்பதற்கு என்றால் பிடி, விளையாட்டுக்கு ஏன் அதன் வாயில் முள் ஏற்றுகிறாய் என்பது அவர்கள் வாதம். மாமனாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்.

விடவே கூடாத மீன்

ஆப்பிரிக்கன் கெளுத்தி. மத்திய அரசு 2000-ஆம் ஆண்டே இதை வளர்க்கத் தடை விதித்துவிட்டது. கோழிக் கழிவைப் போட்டுக் குட்டையில் ரகசியமாக வளர்க்கிறார்கள். குட்டை ஓரத்தில் கரை உடைந்தால் போதும். நம் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கொசஸ்தலை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வெள்ளத்தில் குட்டையும் ஆறும் ஏரியும் பூண்டி நீர்த்தேக்கமும் ஒன்றாகிவிடும். ஈர நிலத்தில் ஊர்ந்தே அடுத்த குட்டைக்குப் போகக்கூடிய மீன் இது. விரால் குஞ்சு, கெண்டை, தவளை என்று வித்தியாசம் பார்க்காமல் தின்னும்.

நம் சாதாரண கெளுத்தியோடு இதைக் குழப்ப வேண்டாம். நாட்டுக் கெளுத்தி கைக்குள் அடங்கும், முதுகில் குத்தும் முள் இருக்கும். ஆப்பிரிக்கன் கெளுத்தி கிலோக் கணக்கில் வளரும், தலை அகலமாகத் தட்டையாக இருக்கும், உடம்பில் பளிங்குக் கல் போலத் திட்டுத் திட்டாக நிறம், முதுகுத் துடுப்பு முள்ளில்லாமல் வால்வரை நீளும். தூண்டிலில் வந்தால் பாவம் பார்க்காதீர்கள், வேறு குளத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். கரையிலேயே கொன்றுவிடுங்கள்.

ஜிலேபியும் அப்படித்தான். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுவதால் எத்தனை பிடித்தாலும் தீராது. பொடியாக இருந்தாலும் வறுத்துச் சாப்பிடுங்கள்.

விடுவதென்றால் ஒழுங்காக விடுங்கள்

கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால் மேலே இருக்கும் வழவழப்பு போய்ப் பூஞ்சை பிடிக்கும். செவுளுக்குள் விரல் விடக் கூடாது. கரை மண்ணில் புரட்டக் கூடாது. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கி வைத்துக்கொண்டால் சுலபமாகக் கழலும். முள்ளை விழுங்கியிருந்தால் இழுக்காமல் நரம்பை வாய் ஓரமாக வெட்டிவிடுங்கள். விரால் காற்றைச் சுவாசிப்பதால் தாங்கும், கட்லாவும் ரோகுவும் தாங்காது. சித்திரை வெயிலில் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து விட்ட கட்லா மறுநாள் மிதக்கும். அதற்குப் பேசாமல் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

வீட்டுக்கு வந்த மீனில் மண்வாடை அடிக்கிறது என்று பலர் எழுதுகிறீர்கள். ஏரியில் பச்சையாகப் படரும் நுண்பாசியும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் பொருள்தான் அந்த வாடை. உயிரோடு இருக்கும் மீனை இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீர்த் தொட்டியில் இரை போடாமல் வைத்தால் பெரும்பகுதி போய்விடும். வெட்டிய மீன் என்றால் மோர் அல்லது புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்துக் கழுவுங்கள். புளிப்பு அந்த வாடையை முறிக்கும். சாயக் கழிவோ ஊர்ச் சாக்கடையோ கலக்கும் தண்ணீர் என்றால் எந்த மீனையும் பிடித்துத் தின்ன வேண்டாம்.

வெடி வைப்பதும் மருந்து கலப்பதும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். கண்ணில் பட்டால் மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

கடைசியாக, இதே விஷயத்தில் ஆர்.கே. பேட்டை வாசகர் ஒருவர் கேட்டது: 'ஏரியில் பிடித்த விரால் குஞ்சுகளை என் பண்ணைக்குட்டையில் விட்டு வளர்க்கலாமா?' வேண்டாம். ஏரிக் குஞ்சு உயிர் இரைதான் தேடும், தீவனம் எடுக்காது. பசியில் ஒன்றை ஒன்று தின்னும். ஏற்கெனவே குட்டையில் கட்லா குஞ்சு இருந்தால் அதுவும் மிஞ்சாது. மிதக்கும் தீவனத்துக்குப் பழக்கிய குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வாங்கி, ஒரே அளவாகப் பிரித்து விடுங்கள். குட்டையைச் சுற்றி வலை கட்ட வேண்டும், மழை நாளில் தாண்டிப் போய்விடும். பயிற்சி வேண்டுமானால் நம் மாவட்டத்திலேயே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. குஞ்சு வாங்குவதற்கு முன் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.